நாற்பத்து நான்காவது கட்டம்

ஹைதராபாத் கொண்டாப்பூர் ஷெட்டில் டிரைவர்கள் என்னைக் 'கர்சீப்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் என் வேலையில் சேர்ந்ததுதான். வாடகைக் கார் கம்பெனியில் எனக்குத் தர ஆய்வாளர் என்று பெயர். வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, ஏசி காற்று வரும் பட்டைகளுக்கு நடுவே விட்டு இழுப்பேன். கறுப்பாக வந்தால் அந்தக் காரின் டிரைவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். இதற்குத்தான் சம்பளம். என் மனைவி சகுந்தலா ஞாயிறு தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்: "ஊர்ல இருக்கிற காரையெல்லாம் தொடச்சுப் பாக்கிறீங்களே, நம்ம வீட்டு ஃபேனை ஒரு தடவ தொடச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

ஃபேன் என் பட்டியலில் இல்லை.

பட்டியலை எழுதியவன் நானே. நாற்பத்து மூன்று கட்டங்கள். ஒன்பதாவது கட்டம், ஏசி பட்டையில் தூசி கூடாது. பன்னிரண்டாவது, கண்ணாடிகளில் கைரேகை கூடாது. இருபத்திரண்டாவது, சீட்டின் தலைப்பகுதியில் எண்ணெய்க் கறையோ முடியோ வாசனையோ கூடாது. முப்பத்தொன்றாவது, டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, முதலுதவிப் பெட்டி தவிர எதுவும் கூடாது. எண்ணிப் பார்த்தால் 'கூடாது' மட்டும் முப்பத்தாறு தடவை வரும். கல்யாணப் பத்திரிகை எழுதக் கொடுத்தாலும் 'வராமல் இருக்கக் கூடாது' என்றுதான் நான் ஆரம்பிப்பேன் என்பது சகுந்தலாவின் அபிப்பிராயம்.

இந்தப் புத்தி எனக்குச் சனத்நகரில் வந்தது. அங்கே பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அளவு தவறிய உருப்படி வந்தால் அதில் ஒரு சிவப்பு அட்டையை நூலால் கட்டிவிடுவேன். கட்டிவிட்டால் அதை எவரும் தொடக் கூடாது. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். ஒரு தடவை மானேஜர் ஒருவர், அவசர ஆர்டர் என்று அவரே நூலை வெட்டி ஒரு பம்ப் தண்டை அனுப்பிவைத்தார். பதினோராம் நாள் அது இரண்டு தண்டாகத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் முதலாளியே என் மேஜைக்கு வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். எனக்கு அது பெரிய போதை. டிப்ளமா படித்தவன் முன்னால் முதலாளி கைகட்டி நிற்பதென்றால் சும்மாவா?

கம்பெனி மூடிய அன்று எனக்கு ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், மிச்சமிருந்த சிவப்பு அட்டையில் ஒரு கட்டு, மூன்றும் கிடைத்தன. மாலை வாடிற்று, கடிகாரம் நின்றது. அட்டை மட்டும் இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் மூன்று கோடுகள் உண்டு: குறை, காரணம், பொறுப்பு. கடைசிக் கோட்டில் அடுத்தவன் பெயரை எழுதுவதில் எனக்குத் தனிக் கையெழுத்து அழகே உண்டு.

அந்த அட்டையைக் காட்டித்தான் வெங்கடகிருஷ்ணனிடம் வேலை வாங்கினேன். கோயமுத்தூர்க்காரர், முப்பத்தாறு வயது, அறுபது கார். ஹைடெக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கும், பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கும் அவருடைய கார்கள் ஓடின. சாயங்காலமும் இரவும் சாஃப்ட்வேர்க்காரர்கள், விடியற்காலையில் மருந்துக்காரர்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காரைத் தவிர வேறெதையும் பார்க்காதவர், அவ்வளவுதான். அந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரு தாய் பிள்ளைகள்.

சிவப்பு அட்டையைக் கண்டதும் அவருக்குக் கண் விரிந்தது. வழவழ காகிதத்தில் ஒரு புத்தகம் அச்சடித்தார். அதன் ஆறாவது பக்கத்தில் நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு முறைக்கும் போட்டோ. கீழே ஒரு வாசகம்: 'எங்கள் ஆய்வாளர் சிவப்பு அட்டை கட்டிய காரை எங்கள் நிர்வாக இயக்குநரே நினைத்தாலும் எடுக்க முடியாது. கட்டிய கைதான் அவிழ்க்கும்.' அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் சாஃப்ட்வேர் கம்பெனி கையெழுத்துப் போட்டது என்று அவரே சொன்னார். பாஸ்போர்ட்டில்கூட இவ்வளவு பயங்கரமாக விழவில்லை என்று சகுந்தலா சொன்னாள்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவள் அனுபமா. மாசாமாசம் வந்து என் பட்டியலை வைத்தே எங்கள் கார்களுக்கு மார்க் போடுவாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல் ஏறவே இல்லை. எதில் குறைகிறது என்று பார்த்தேன். இருபத்திரண்டும் முப்பத்தொன்றும். டிக்கியைத் திறந்தால் போர்வை, தலையணை, லுங்கி, சோப்பு டப்பா. சீட்டின் தலைப்பகுதியில் தேங்காய் எண்ணெய்.

இந்த வேதாசலம் விடுவானா? ஒரு காலை நேரம் பார்த்து அறுபது டிக்கிகளையும் திறக்கச் சொன்னேன். இருபத்தேழு போர்வை, பதினான்கு தலையணை, மூன்று கோரைப்பாய். ஷெட் நடுவில் மலையாகக் குவித்து, கார்களை உள்ளே துடைக்கும் லூர்துமேரியைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் குப்பையில கொட்டிடும்மா" என்றேன்.

லூர்துமேரி சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. நாலு பாஷையை ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவாள்.

"கைக்கு சார்? எதுக்கு? பாவம் இல்ல?"

"கார் படுக்கையறை இல்ல, லூர்துமேரி."

"ஹவ் சார், சரி. படுக்கையறைதான் எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்கே போட்டுடறேன்."

நாற்பத்து மூன்று கட்டத்தில் அதற்குக் கட்டம் இல்லை. போதாததற்கு ஒரு புது உத்தரவும் போட்டேன். காரை எங்கே நிறுத்தினாலும் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். சீட்டில் சாய்ந்தால்தானே எண்ணெய் ஒட்டும்?

அந்த மாசம் தொண்ணூற்றெட்டரை. வெங்கடகிருஷ்ணன் எனக்குச் சால்வை போர்த்தினார். யாருடைய போர்வையையோ பிடுங்கினவனுக்குச் சால்வை. இப்போது சொல்லும்போது நன்றாக உறைக்கிறது. அன்றைக்கு, கூச்சப்படாமல் சொல்கிறேன், கதகதப்பாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கார்களில் சின்னச் சின்னக் கீறல்கள் வர ஆரம்பித்தன. பம்பர் ஓரத்தில், கதவுக் கைப்பிடியில், பக்கக் கண்ணாடியில். நாலாவது கட்டம், கீறல் கூடாது. நான் கீறலுக்குக் கீறல் அட்டை கட்டி, பொறுப்புக் கோட்டில் டிரைவர் பெயரை அழகாக எழுதினேன். மூளை என்று ஒன்று இருந்தால் ரெண்டையும் ரெண்டையும் கூட்டியிருக்கும். என்னிடம் இருந்தது கைக்குட்டை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை, காலை ஆறரை மணி. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ரெண்டு பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஒன்பது மணிக்கு பேகம்பேட் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். இருப்பதிலேயே சுத்தமான காரை அனுப்பச் சொல்லி வெங்கடகிருஷ்ணன் முந்தின நாளே உத்தரவு போட்டிருந்தார். சந்தேகமே இல்லை, பதினேழாம் நம்பர் இன்னோவா. அதன் டிரைவர் சூசைராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், முப்பது வயது, அதிர்ந்து பேச மாட்டான். காருக்கு ஒரே டிரைவர், வேறு ஆள் மாற்றிப் போடக் கூடாது என்பதும் என்னுடைய நாற்பதாவது கட்டம்தான்.

பட்டான்செருவில் மருந்துக்காரர்களை இறக்கிவிட்டு சூசைராஜ் ஷெட்டுக்குள் வந்தான். கார் கழுவி முடித்ததும் நான் கைக்குட்டையோடு ஏறினேன். ஒன்பது, சுத்தம். இருபத்திரண்டு, சுத்தம். முப்பத்தொன்று, டிக்கியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. என் வாழ்க்கையில் முதல் தடவை.

அப்போதுதான் மூக்கு வேலையைக் காட்டியது. தைலம். தலைவலிக்குப் பூசுகிற தைலம். அதற்கடியில் இன்னொரு நெடி. பச்சை மிளகாய்.

"சூசை! காருக்குள்ள பஜ்ஜி தின்னியா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். "ஐயோ, பஜ்ஜியெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"என் மூக்கு பொய் சொல்லாது. மிளகாய் வாசம் வருது."

"மிளகாதான் அண்ணாச்சி. வெறும் மிளகா."

"வெறும் மிளகாயை எவன்டா தின்பான்?"

அவன் தலையைச் சொறிந்தான். "மியாப்பூர் தாண்டும்போது ஒண்ணு கடிப்பேன். பட்டான்செரு வாரதுக்குள்ள ஒண்ணு. திரும்பி வரைல ரெண்டு. காரம் ஏறிச்சுன்னா கண்ணு சொருகாது, பாத்துக்கிடுங்க. தைலத்த கண்ணுக்கு அடியில லேசா இழுவிக்கிடுவேன். சீட்ல ஒரு சொட்டு படல அண்ணாச்சி, நீங்களே பாத்துட்டியள்லா."

சீட்டில் படவில்லை என்று எனக்கே சான்று சொல்கிறான். நான் என்ன செய்வதென்று தெரியாமல், எப்போதும் செய்வது போல, மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கைரேகை இல்லை. ஆனால் பின்னால் வரும் வண்டியைக் காட்ட வேண்டிய கண்ணாடி என் மூஞ்சியைக் காட்டியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் சொந்தக் கண்கள் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தான்.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"என் கண்ணு மூடுதான்னு நானே பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. வேற யாரு பாப்பா?"

"கடைசியா எப்ப தூங்கினே?"

விரல் விட்டு எண்ணினான்.

"திங்கக்கிழமை மத்தியானம் ஒரு மூணு மணி நேரம். நேத்து பகல்லயும் வண்டி ஓட்டந்தான். முன்னாலன்னா ராத்திரி கம்பெனி வாசல்ல நிறுத்திப் போட்டு ரெண்டு மூணு மணி நேரம் பின் சீட்ல சாஞ்சிருவோம். இப்பந்தான் சாவிய வாங்கிப் பூட்டிருதாவள்லா. வெளிய சிமெண்டுத் திண்டுல குத்தவச்சிருப்போம். கொசு தூக்கிட்டுப் போயிரும்."

"தூக்கம் வருதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நம்ம டிரைவர் கிருஷ்ணா சொன்னாம்லா போன மாசம். மறுநாள் அவன வேலைய விட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிட்டாவ." குரலைத் தாழ்த்தினான். "யார்ட்டயும் சொல்லிராதீய அண்ணாச்சி. ஏர்போர்ட்டு போய்ட்டு வந்துருவேன். இன்னும் நாலு மிளகா கிடக்கு."

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். பேனா செருகுகிற பையில் நான்கு பச்சை மிளகாய்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன.

நான் காரிலிருந்து இறங்கினேன். ஷெட் ஓரத்தில் இருந்த என் மேஜைக்குப் போய் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். நாற்பத்து மூன்றும் டிக். அதை நீட்டினால் கார் கிளம்பும். பஞ்சாரா ஹில்ஸ் இறக்கத்தில் அவன் கண் ஒரு விநாடி மூடினால், நொறுங்குகிற கார் நாற்பத்து மூன்று மார்க் வாங்கிய காராக இருக்கும். அவ்வளவு சுத்தமாக இருக்கும். மறுபக்கம், டிரைவர் தூங்கவில்லை என்று நான் வாயைத் திறந்தால் அவனும் கிருஷ்ணாவின் பின்னாலேயே ஊருக்குப் போவான்.

நாற்பத்து மூன்றாவது கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். 44 என்று எழுதினேன். 'ஓட்டுநர் ஆறு மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும்.' படித்துப் பார்த்தேன். என் பட்டியலில் 'கூடாது' இல்லாமல் அபூர்வமாக ஒரு வரி. அதற்கு நேராக ஒரு பெருக்கல் குறி. பிறகு டிராயரைத் திறந்து சனத்நகர் அட்டை ஒன்றை எடுத்தேன்.

குறை: ஓட்டுநருக்குத் தூக்கமில்லை.

காரணம்: தூங்க இடமில்லை. இருந்த இடமும் பிடுங்கப்பட்டது.

மூன்றாவது கோட்டில் பேனா நின்றது. இருபத்திரண்டு வருஷமும் இங்கே ஒன்றரை வருஷமும் அந்தக் கோட்டில் எத்தனையோ பெயர்கள் எழுதியிருக்கிறேன். இந்தப் பெயரை எழுதியதில்லை. பழக்கமில்லாததால் கையெழுத்து கோணிக்கொண்டது.

பொறுப்பு: க. வேதாசலம், தர ஆய்வாளர்.

ஸ்டீயரிங்கில் கட்டி, பம்ப் கம்பெனியில் போடுகிற முடிச்சு ரெண்டு போட்டேன். சூசைராஜ் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சி, என்ன செய்தீய? வேல போயிரும் அண்ணாச்சி!"

"வாசிச்சுப் பாரு. உன் பேரு எங்கேயாவது இருக்கா?"

வாசித்தான். ரெண்டாவது தடவையும் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்த பார்வையை நான் நேராக வாங்கிக்கொள்ளவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு வெங்கடகிருஷ்ணன் வந்தார். புதுச் சட்டை, சென்ட். அட்டையைப் பார்த்ததும், "ஏனுங்க வேதாசலம், இன்னைக்குப் போயி இதென்னங்க கூத்து? எங்கீங்க கறை?" என்றார்.

"கறை இல்ல சார். நாப்பத்து நாலாவது கட்டம்."

"நாப்பத்து மூணுதானுங்களே?"

"ராத்திரி வரைக்கும் நாப்பத்து மூணு."

அட்டையைப் படித்தார். பொறுப்புக் கோட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்பது போலப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? தூக்கமெல்லாம் நம்ம கணக்குல வராதுங்க. கார் சுத்தமா இருக்கோணும். அவ்வளவுதான். அவுத்துப் போடுங்க."

"முடியாது சார்."

"சரி, வேற வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

ராத்திரி ஓட்டம் முடிந்து அதற்குள் ஆறு கார்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் தலையை விட்டு மோந்தேன். தைலம். தைலம். தைலமும் மிளகாயும். ஒன்றில் மூக்குப்பொடி. ஆறிலும் கண்ணாடி டிரைவரின் கண்ணைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆறு அட்டை எழுதினேன். ஆறிலும் அதே பொறுப்பு. பழகப் பழக என் பெயரும் அழகாகத்தான் வந்தது. மற்ற கார்கள் வெளியில் ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தன. ஷெட்டில் நின்ற ஏழு காரும் சிவப்பு.

வாசலில் கையில் வாக்வம் குழாயோடு நின்ற லூர்துமேரி, "சபாஷ் கர்சீப் சார்!" என்றாள். அந்தப் பெயரை என் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெங்கடகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் மேஜையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு பதினேழாம் நம்பரை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"வெட்டுங்க சார். ஆறாம் பக்கத்துல என்ன அச்சடிச்சிருக்கீங்கன்னு மட்டும் ஒரு தடவ படிச்சுட்டு வெட்டுங்க."

"நீங்க என்னங்க, எனக்கே சட்டம் பேசறீங்க? இப்பவே உங்களை வேலையை விட்டு நிறுத்திப்போட்டா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்துங்க சார். நான் வீட்டுக்குப் போய் ஃபேன் தொடைக்கிறேன். ஆனா கட்டின கைதான் அவிழ்க்கணும். கை வீட்டுக்குப் போயிட்டா ஏழு வண்டியும் ஆயுசுக்கும் இங்கதான் நிக்கும். யோசிச்சுக்குங்க."

அவர் யோசித்தார். கத்திரிக்கோல் வாயைத் திறந்தபடி நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பச்சைக் கார் உள்ளே வந்தது. பூங்கொத்தோடு அனுபமா இறங்கினாள். ஏர்போர்ட்டுக்கு எங்கள் காரிலேயே போவதாக ஏற்பாடு. அவளுடைய அப்பா இங்கே ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தமிழர். இவள் வளர்ந்தது படித்தது எல்லாம் ஹைதராபாத். அதனால் என்னைத் தெலுங்கில் 'காரு' போட்டு மரியாதையாகக் கூப்பிடுவாள்.

"வேதாசலம் காரு, ரெடியா? ஏன் எல்லா வண்டியிலும் ரெட் டேக்?"

வெங்கடகிருஷ்ணன் கத்திரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கை பின்னால் போனதும் எனக்குச் சனத்நகர் முதலாளி நினைவுக்கு வந்தார். "ஒண்ணுமில்லீங் மேடம். சீட்ல சின்னக் கறை. ரெண்டு நிமிஷத்துல கிளம்பீரலாம்."

"கறை இல்லம்மா" என்றேன். "டிரைவர் தூங்கி ரெண்டு நாளாகுது. ஏழு பேரும் அப்படித்தான். நீங்க மார்க் போடணும்னு நான் அவங்க போர்வையைப் பிடுங்கிட்டேன். சாவியையும் வாங்கிக்கிட்டேன். அப்புறம் அவங்க எங்க தூங்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தொண்ணூத்தெட்டரை வாங்கினோமே, அது இதுதான்."

அனுபமா பதினேழாம் நம்பரில் ஏறி உட்கார்ந்தாள். அட்டையைப் படித்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் தன் கண்களையே பார்த்தாள்.

"டிக்கில பெட்ஷீட் இருக்குன்னு மைனஸ் போட்டது நான்தான்" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு இறங்கி, தன் குரலுக்குத் திரும்பினாள். "வெங்கட் காரு, என் ஆபீஸ் பொண்ணுங்க ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த வண்டியிலதான் வீட்டுக்குப் போறாங்க. நீங்க எனக்கு ஏர் ஃப்ரெஷனர் மணக்குதான்னு மட்டும் செக் பண்ண வச்சிருக்கீங்க."

"மேடம், கெஸ்ட்டுங்க காத்துட்டிருப்பாங்க…"

"நான் என் வண்டியில போறேன்."

அவளுடைய பச்சைக் காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றில்லை, கண் பழகிவிட்டது. பிஸ்கட் தூள், உடைந்த கிரேயான், ஒரு குழந்தைச் செருப்பு, ஜன்னலில் பசை போல என்னவோ. தாராளமாகப் போட்டாலும் பத்தொன்பது.

"ஒரு நிமிஷம்மா, துடைச்சுத் தர்றேன்" என்று கைக்குட்டையை எடுத்தேன்.

"வேண்டாம். நான் எட்டு மணி நேரம் தூங்கியிருக்கேன்." பூங்கொத்தைப் பிஸ்கட் தூள் மேல் வைத்தாள். கிளம்பும்போது ஜன்னலை இறக்கினாள். "நாளைக்குக் காலைல வருவேன், வெங்கட் காரு. நாற்பத்து நாலையும் சேர்த்துத்தான் மார்க். இங்க இருக்கிற அதே டிரைவர்ஸ்தான் இருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் கேப்பேன்."

கார் போனதும் வெங்கடகிருஷ்ணன் கத்திரிக்கோலை என் மேஜையில் டொக்கென்று வைத்தார். "நல்லா மானத்தை வாங்கிப்போட்டீங்க" என்றார்.

"ஆமா சார்" என்றேன். அதில் மறுக்க எதுவும் இல்லை.

"இப்ப என்ன பண்ணோணும்? அதையும் நீங்களே சொல்லிப்போடுங்க."

"டயர் ரூமைக் காலி பண்ணணும்."

ஷெட்டின் பின்பக்கம் பழைய டயர் அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. ஒரு ஜன்னல், மேலே ஒரு ஃபேன். ஏழு டிரைவர்களும் டயர்களை வெளியே உருட்டினார்கள். தூக்கத்தில் உருட்டியதால் ரெண்டு டயர் ரோடு வரைக்கும் போய்விட்டது. ஃபேனில் கரியும் தூசியும் சடை பிடித்துத் தொங்கின. நான் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். சகுந்தலாவுக்கு மட்டும் இந்த விஷயம் போகக் கூடாது.

"விரிக்கத்தான் ஒண்ணும் இல்லையே" என்றேன் இறங்கி.

லூர்துமேரி தண்ணீர் டிரம் வைக்கும் மூலைக்குப் போனாள். தார்ப்பாயை விலக்கினாள். துவைத்து மடித்து அடுக்கிய இருபத்தேழு போர்வைகள், பதினான்கு தலையணைகள். பாய்கள் சுருட்டி நின்றன.

"குப்பையில போடச் சொன்னேனே!"

"நக்கோ சார், போடல" என்றாள். "மனசு வரல. என்னிக்காவது ஒரு நாள் உங்களுக்குப் புத்தி வரும்னு வெச்சேன்."

எனக்கு இன்னொரு சால்வை போர்த்திய மாதிரி இருந்தது. இந்தத் தடவை கதகதப்பு கொஞ்சம் வேறு மாதிரி.

சூசைராஜ் வாசலிலேயே தயங்கினான். "அண்ணாச்சி, நெசமாவே படுக்கட்டா? பொறவு ஒண்ணும் சொல்ல மாட்டாவளே?"

"முதல்ல அந்த மிளகாயைக் குடு."

சட்டைப் பையிலிருந்து நான்கையும் எடுத்து என் கையில் வைத்தான். பாயில் விழுந்த அடுத்த நிமிஷம் குறட்டை. அவனுக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஏழும் ஏழு சுருதி. ஒரு பம்ப் கம்பெனியே ஓடுகிற மாதிரி இருந்தது எனக்கு. தவறான சத்தம் ஒன்றுகூட இல்லை.

நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்கு வெங்கடகிருஷ்ணன் வந்தார். ஏர்போர்ட்டிலிருந்து விருந்தாளிகள் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தியாம். ஒருவர் பேன்ட்டில் கிரேயான் ஒட்டிக்கொண்டதாம். நான் தலையாட்டினேன்.

"மத்தியானம் ஒரு மணிக்கு நாலு வண்டி வேணுங்க" என்றார். "எப்ப அவுப்பீங்க?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டே காலுக்குப் படுத்தார்கள். ஆறு மணி நேரம்.

"ரெண்டே கால் சார்."

"ஏனுங்க, ஒண்ணேகால் மணி நேரம்தானுங்களே கொறைக்கச் சொல்றேன்! எழுப்பி விட்டா…"

"சார்" என்றேன். "மெதுவா பேசுங்க."

அவர் வாயைத் திறந்தார், உள்ளேயிருந்து வந்த குறட்டையைக் கேட்டார், மூடினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஏழு பேர் ஏழு விதமாகக் கிடந்தார்கள். சூசைராஜின் தலை தேங்காய் எண்ணெய்ப் பளபளப்போடு தலையணையில் நன்றாகப் பதிந்திருந்தது. இருபத்திரண்டாவது கட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தலையணை பூஜ்யம்.

"இவங்களுக்காக உக்காந்துட்டு இருக்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்று கிசுகிசுத்தார்.

"ஆமா சார். ஆய்வு நடக்குது."

இங்கும் அங்கும் பார்த்தார். பிறகு வெளியே உருட்டிப் போட்டிருந்த டயர் ஒன்றின் மேல், புதுச் சட்டையைப் பற்றி யோசிக்காமல், உட்கார்ந்தார். கைபேசி அடித்தது. எடுத்து, சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் கையிலிருந்த மிளகாய்களில் ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

"எதுக்குங்க?"

"ரெண்டே கால் வரைக்கும் ஆகும் சார். உங்களுக்குத் தூக்கம் வந்தா கடிச்சுக்குங்க."